மெய்நிகர் கணினிகளின் இரவுநேரக் காப்புப்பிரதி: குழு உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்க் கடைகளின் கணக்கு சர்வர்களைப் பராமரிக்கும் உறுப்பினர்கள், ப்ராக்ஸ்மாக்ஸில் (Proxmox: ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள்) இயங்கும் மெய்நிகர் கணினிகளின் காப்புப்பிரதியை இனி நினைவு வரும்போது கையால் எடுக்காமல், கட்டளை வரியில் கிரான் (cron: குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் லினக்ஸ் கருவி) மூலம் நேரம் குறித்து எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கடைகள் கணக்கு முடித்த பின், இரவு 2 மணி பொருத்தமானது. ஒவ்வொரு கணினிக்கும் தனி வரி எழுத வேண்டாம். ப்ராக்ஸ்மாக்ஸின் காப்புப்பிரதிக் கட்டளையான வி-இசட்-டம்ப்பில் (vzdump) கணினி எண்களை வரிசையாகக் கொடுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவிடும். ஸ்னாப்ஷாட் முறையில் (ஓடும் நிலையிலேயே பிரதி எடுப்பது) கணினியை நிறுத்தத் தேவையில்லை என்றாலும், பிரதியில் தரவு சீராக இருக்க, தரவுத்தளம் ஓடும் கணினிக்குள் கெமு கெஸ்ட் ஏஜென்ட் (QEMU guest agent) என்ற துணை மென்பொருள் இருப்பது அவசியம்.

கிரான் வரியில் கோப்புப் பெயருடன் தேதி சேர்ப்பவர்கள், சதவீதக் குறிக்கு (%) முன் பின்சாய்வுக் கோடு (\) இட வேண்டும். இல்லாவிட்டால் கட்டளை அந்த இடத்திலேயே முறிந்துவிடும். இதில் தடுக்கி விழாதவர் குறைவு. மின்தடையால் சர்வர் அணைந்திருந்தால், தவறிய வேலையைக் கிரான் தானாகத் திரும்பச் செய்யாது என்பதால், காலையில் பதிவுக் கோப்பைப் பார்ப்பது நல்லது.

தினப்பிரதி 7, வாரப்பிரதி 4 எனத் தக்கவைத்தால் சிறு கடைகளுக்குப் போதும். பிரதியை அதே வட்டில் வைப்பது, பெட்டகத்தின் மாற்றுச் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும். தனி நாஸ் (NAS: வலையில் இணைந்த சேமிப்பகம்) பெட்டிக்கு அனுப்புங்கள்.

மாதம் ஒருமுறை, ஏதேனும் ஒரு பிரதியை வேறு கணினி எண்ணில், வலையிணைப்பைத் துண்டித்த நிலையில் மீட்டுப் பார்த்து, முடிவைக் குழுவில் பதிவிடவும்.