அக்காவுக்கு: மூன்று மாதம் நிறுத்தப் போகிறேன்

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் நினைவு நாள் முடிந்த மறுவாரம் நான் குடியை நிறுத்துகிறேன். மூன்று மாதங்களுக்கு மட்டும். "விடுவதென்றால் ஒரேயடியாக விடு, அதற்கு எதற்குத் தேதியும் தயாரிப்பும்?" என்று நீ கேட்பாய் என்பதால்தான் தொலைபேசியில் சொல்லாமல் எழுதுகிறேன். இதை வேறு பலரும் படிப்பார்கள். ஆகவே நம் இருவருக்கு மட்டுமே உரியவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

உன்னிடம் சொல்லாமல் மருத்துவரைப் பார்த்ததற்கு மன்னித்துக்கொள். சொல்லியிருந்தால் அன்று மாலைக்குள் உறவினர் அனைவருக்கும் தெரிந்திருக்கும் என்பதும் உண்மைதானே? உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகளை அவர் கேட்டார். மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவனிக்க வேண்டும், 20ஐத் தொட்டால் உடல் மதுவைச் சார்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். என் எண்ணை இங்கே எழுத மாட்டேன். காலையில் கை நடுங்குவதுண்டா என்று கேட்டார், உண்டு என்றேன். உடனே அவர் சொன்னது, "நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள்" என்பதுதான்.

அதைக் கேட்டதும் அப்பாவின் மூன்றாம் இரவு என் முன்னே வந்து நின்றது. உன் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு அவர் நிறுத்திய அந்த மூன்றாம் இரவு. சட்டை வியர்வையில் ஊறிக் கிடந்தது. போர்வையில் இல்லாத பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நீயும் கையை இழுத்துக்கொள்ளாமல், அவர் வைக்க வைக்க வாங்கிக்கொண்டே இருந்தாய். உன்னை அம்மா என்று அழைத்தார். நடிக்கிறார் என்று கதவருகில் ஒருவர் சொன்னார். அவர் யார் என்பது இங்கே வேண்டாம். உனக்கு அப்போது படிக்கும் வயது. அந்தக் கையை நினைத்தால் இன்றும் உன்மேல் எனக்கு எந்தக் கோபமும் நிற்பதில்லை.

ஆனால் தெளிந்து எழுந்தவர் சில நாட்களில் மீண்டும் குடித்தபோது நீ அவரிடம் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. நெஞ்சுறுதி இல்லாத மனிதர் என்று இன்றுவரை சொல்கிறாய். மது நரம்புகளை அடக்கிவைக்கும் பொருள்; அது நாள்தோறும் உள்ளே போகும்போது மூளை அதற்கு ஈடாகத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று மது நின்றுவிட்டால் அடக்குவதற்கு எதுவும் இல்லாமல் அந்தக் கிளர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் கழிந்த பின் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம், இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை பிதற்றலும் மாயத் தோற்றமும் வரும், சிகிச்சை இல்லாவிட்டால் உயிரும் போகலாம். அப்பா அதை ஒரு மாத்திரைகூட இல்லாமல் தாங்கினார். நடுக்கத்தை அடக்கத் தெரிந்த ஒரே வழிக்கு அவர் திரும்பிப் போனதை உறுதியின்மை என்று நீ சொல்லும்போது, அவருக்காக மட்டுமல்ல, எனக்காகவும் வலிக்கிறது.

ஆகவேதான் தயாரிப்பு. மருத்துவர் சொன்ன அளவில் சிறிது சிறிதாகக் குறைத்து, குடிப்பதை அன்றன்றே எழுதிவைக்கிறேன். குடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் குறைந்துபோகும் தயமின் என்ற பி1 வைட்டமினை இப்போதே தொடங்கிவிட்டேன். கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்தாயிற்று. முடிவில் இன்னொன்று எடுப்போம். குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே இரத்தத்தில் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதியின் அளவு இறங்கும் என்பதால், என் வார்த்தையை நம்பாதவர்கள் காகிதத்தை நம்பலாம். வீட்டில் இருக்கும் பாட்டில்கள் நிறுத்தும் நாளுக்கு முந்தைய நாள் போய்விடும். மாலை ஏழு மணிக்கு மேல்தான் எனக்குக் கடினம். அந்த நேரத்தில் நண்பர்களைச் சந்திப்பதில்லை என்று அவர்களிடமே சொல்லிவிட்டேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் தானும் வருகிறேன் என்றார்.

வாழ்நாள் முழுவதற்குமான சத்தியத்தை என்னிடம் கேட்காதே. அப்பாவிடம் அதைத்தான் கேட்டாய். அதை மீறியதும் உன் முகத்தைப் பார்க்கவே அவர் அஞ்சினார். மூன்று மாதத்திற்குப் பிறகு என்ன என்பதை, தெளிந்த தலையோடு அப்போது முடிவு செய்வேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டேன்: இடைவெளிக்குப் பின் உடலின் தாங்கும் திறன் குறைந்திருக்கும், பழைய அளவுக்குத் திரும்புவது ஆபத்து. அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். முதல் நான்கு நாட்கள் வீட்டில் ஒருவர் உடனிருக்க வேண்டும், மாத்திரைகள் என் கையில் இருக்கக் கூடாது என்பது மருத்துவரின் நிபந்தனை. நீ வந்து இருப்பாயா? வாயை முகர்ந்து பார்க்காமல், யாருக்கும் தொலைபேசியில் சொல்லாமல், அன்று அப்பாவிடம் அமர்ந்திருந்ததுபோல இரு. வலிப்போ பிதற்றலோ தெரிந்தால் ஒரு நொடியும் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எங்கே என்பதை எழுதி மேசையில் வைத்திருப்பேன். வர முடியாதென்றால் அதற்காக வருந்த மாட்டேன், ஆனால் இந்த வாரத்திற்குள் சொல்லிவிடு. வேறொருவரைக் கேட்க எனக்கு நேரம் வேண்டும்.

தம்பி