குஞ்சுகளுக்கு இடம் எங்கே?

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. ரிட்டயர் ஆன கையோடு மீன் தொட்டி என்று கிளம்பிவிட்டாய். கமலாவுக்குச் சம்மதமா என்று நீ எழுதவில்லை. ஹாலில் டிவி இருந்த இடத்தில் தொட்டியை வரைந்திருப்பதைப் பார்த்தால் கேட்கவே பயமாக இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். என் முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

சரி, உன் படத்துக்கு வருகிறேன். மூன்றடி நீளம், ஓரடி உயரம், மரக்கட்டை, செடிகள், நியான் டெட்ரா என்ற பொடி மீன்களின் கூட்டம், நடுவே ஒரு ஏஞ்சல் மீன் ஜோடி. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் குஞ்சு எடுக்க ஆசை என்கிறாயே, அதற்கு இது சரிப்படாது. வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் ஒரு வாய்த் தீனி. தப்பிப் பிழைக்கிற நியான்கள் ராத்திரியில் முட்டையை மேய்ந்துவிடும். ஜோடி இருக்கிற தொட்டியில் வேறு யாரும் வேண்டாம்.

அளவையும் மாற்று. ஏஞ்சல் நீளத்தை விட உயரம் அதிகமான மீன். மேல் துடுப்பின் நுனியிலிருந்து கீழ்த் துடுப்பின் நுனிவரை அளந்தால் சாதாரணமாக எட்டு அங்குலம் வரும். ஆகவே இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். நிரப்பினால் நூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேல், கண்ணாடியும் சேர்ந்தால் நூற்றிருபது கிலோவைத் தாண்டும். உன் பழைய டிவி ஸ்டாண்டு தாங்காது, இரும்பில் அடித்துக்கொள். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் போட மறந்துவிடாதே. ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடம் வேண்டாம், கண்ணாடியெல்லாம் பாசி ஏறிவிடும்.

உள்ளே மண், கல் எதுவும் போடாதே. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், சாய்த்து நிறுத்திய ஒரு பிவிசி பைப்புத் துண்டு, அவ்வளவுதான். மோட்டார் ஃபில்டர் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். சென்னையில் எங்களுக்கு ஹீட்டரைப் பற்றி நினைப்பே வராது. உங்கள் கோயம்புத்தூர் மார்கழிக்கு அது இல்லாமல் ஆகாது. 27, 28 டிகிரியில் நிறுத்து.

தண்ணீர் விஷயத்தில் உன்மேல் எனக்குப் பொறாமை. உன் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணி. அமேசான் ஆற்று மீனுக்கு மென்மையான தண்ணீர்தானே பிடிக்கும்! நான் போர் தண்ணீரில் பாதிக்குப் பாதி ஆர்ஓ கலந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நீ குளோரின் போக ஒரு நாள் பக்கெட்டில் பிடித்துவைத்து, அதில் காற்றுக் குழாயைப் போட்டுவிட்டாலே போதும். தொட்டி தயாரானதும் மீனை விடத் துடிக்காதே. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தெரிந்தவர்களின் தொட்டியில் ஊறிய பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் சீக்கிரம் ஆகிவிடும்.

ஜோடியாக வாங்காதே. கடைக்காரர் ‘ப்ரீடிங் பேர்’ என்று விலை ஏற்றிச் சொல்வார். ஆனால் முட்டையிடுகிற சமயம் அடிவயிற்றில் குழாய் வெளியே தெரியும்வரை ஏஞ்சலில் ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது ஆணுக்குக் கூர்மையாகவும் பெண்ணுக்குத் தடித்து மழுங்கியும் இருக்கும். இரண்டு பெண்கள் சேர்ந்து ஜோடிபோல நடந்து முட்டையும் போடும். அத்தனையும் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிடும். ஆறு குட்டிகளாக வாங்கி வளர்த்தால் எட்டு, பத்து மாதத்தில் தானாக ஒரு ஜோடி ஒதுங்கும். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை விரட்ட ஆரம்பிக்கும். அப்புறம் மற்ற நாலையும் யாருக்காவது கொடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை இங்கே கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் நானே நல்ல குட்டிகளாகப் பார்த்து வாங்கித் தருகிறேன். நீ வந்தால் சேர்ந்தே போவோம்.

முட்டையிடும் நாளை நீ பார்க்கவேண்டும். இரண்டும் வாயால் பைப்பைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். பெண் அடியிலிருந்து மேலாக ஊர்ந்து ஒரு வரிசை முட்டை ஒட்டும். ஆண் பின்னாலேயே அதே தடத்தில் போகும். பிறகு மாறிமாறி நின்று பக்கத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், வெளுத்த முட்டையைப் பொறுக்கி எடுத்துவிடும். இரண்டு, மூன்று நாளில் பொரிந்து, தலையில் ஒட்டிய பசையில் தொங்கியபடி வால் மட்டும் துடிக்கும். ஒன்று கழன்று விழுந்தால் பெற்றவர் வாயில் கவ்வி வந்து மறுபடி ஒட்டும். இன்னும் ஐந்தாறு நாளில் நீந்திவிடும். முதல் இரண்டு மூன்று ஈட்டை, அதாவது ஒரு தடவைக்கு இடும் முட்டைகளை, பெற்றவையே தின்றுவிடுவது சகஜம், மனதைத் தளரவிடாதே. வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் முட்டையைத் தனியே எடுத்து பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்திலின் ப்ளூ என்ற நீல மருந்தை விட்டுப் பொரிக்கிறார்கள். நமக்கு என்ன அவசரம்? அவை வளர்ப்பதைப் பார்க்கத்தானே இவ்வளவும்.

இப்போது உன் படத்தில் இல்லாத விஷயம். ஒரு ஈட்டில் நூற்றுக்கணக்கில் முட்டை வரும். பாதி பிழைத்தாலும் அவை ஒரு மாதத்துக்குமேல் எங்கே இருக்கும்? ஜோடி அடுத்த முட்டைக்குத் தயாரானதும் பழைய பிள்ளைகளை விரட்டும். இரண்டாவது தொட்டிக்கு இடமும், வளர்ந்ததை எடுத்துக்கொள்ள ஒரு கடைக்காரரும் முதலிலேயே முடிவாகட்டும். நீந்த ஆரம்பித்த நாள்முதல் உயிருள்ள ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் வகையைக் கொடுக்கவேண்டும். அதன் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் ஒரு நாளில் பொரியும், தினமும் புதிதாகப் போடவேண்டும். சாக்கடையில் எடுக்கும் டூபிஃபெக்ஸ் புழு மட்டும் வேண்டவே வேண்டாம், நோயைக் கொண்டுவரும். நீங்கள் இரண்டு பேரும் பேரனைப் பார்க்க ஊருக்குப் போகும் வாரங்களில் இதை யார் செய்வார்கள் என்பதையும் கமலாவிடம் பேசிவிடு.

கண்ணாடிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு போன் அடி, அளவை இன்னொரு தடவை பார்த்துவிடலாம். கமலாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சேகர்
வில்லிவாக்கம்