கரவனுக்கு மூக்குதான் கனக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறை விட்டதும் சின்னக் கரவன் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) ஒன்றைக் காரில் பூட்டிக்கொண்டு கோர்ன்வால், வேல்ஸ் என்று கிளம்பும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2021 டிசம்பர் 16 முதல் பிரிட்டனில் இதற்குத் தனிச் சோதனை கிடையாது. 1997க்குப் பின் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்தவரும் 3,500 கிலோ வரையான ட்ரெய்லரை இழுக்கலாம். சட்டம் விட்டுவிட்டது, கார் விட வேண்டுமே!

காரின் கதவு நிலையிலோ பொனற்றுக்கு அடியிலோ இருக்கும் தகட்டில் எடைகள் வரிசையாக இருக்கும். முதலாவது, சுமையோடு காரின் உச்ச எடை. இரண்டாவது, காரும் கரவனும் சேர்ந்த உச்ச எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், முழுச் சுமையோடு அந்தக் கார் எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்துவிடும். இரண்டாவது எண்ணே இல்லையென்றால் அந்தக் காரில் பூட்டாதீர்கள். சில ஹைபிரிட், மின்சாரக் கார்களுக்கு இழுக்கும் அனுமதியே இல்லை. புதிதாக இழுப்பவர், சுமையேற்றிய கரவன் வெறும் காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்ப்பது நல்லது. 1,250 கிலோ கார் என்றால் சுமார் 1,060 கிலோ. இது சட்டமல்ல, அறிவுரைதான்; நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எடையைவிட, அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். கரவனின் மூக்கு, டோபாரின் (காரின் பின்னால் உள்ள இழுப்புச் சட்டம்) உருண்டையை அழுத்தும் பாரம், கரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். ஆயிரம் கிலோவுக்கு 50 முதல் 70 கிலோ. டோபார் தகட்டில் உள்ள எல்லையையும் மீறக்கூடாது. அளக்கக் குளியலறைத் தராசே போதும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கரவன் மட்டமாக நிற்கும் உயரத்துக்கு ஒரு மரத்துண்டை வெட்டி, தராசின்மேல் நிறுத்தி, மூக்கை அதன்மேல் இறக்குங்கள். மூக்கைத் தாங்கும் சின்ன முன்சில்லு நிலத்தைத் தொடக்கூடாது. அரிசி மூட்டையும் தண்ணீர்க் கலனும் அச்சுக்கு நேர்மேலே, தரையில் இருக்கட்டும். 40 லீட்டர் தண்ணீர் 40 கிலோ. அதைப் பின்பக்கம் வைத்தால் மூக்கு தூக்கும், காரின் பின்சக்கரங்களின் பிடியும் குறையும். பிறகு லொறி ஒன்று முந்தும் காற்றே போதும், கரவன் வாலாட்டத் தொடங்கிவிடும். அப்போது பிரேக்கை அழுத்தாதீர்கள், வேகமும் கூட்டாதீர்கள். காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள்.

பூட்டியபின் முன்சில்லைச் சுற்றிக் கீழிறக்கி, காரின் பின்பக்கம் சற்று எழும்புகிறதா பாருங்கள். எழும்பினால் கொக்கி பிடித்திருக்கிறது. பிறகு சில்லை முழுதாக உயர்த்தி இறுக்குங்கள். பிரேக் அறுப்புக் கம்பியை (கரவன் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கை இழுத்துவிடும் கம்பி) டோபாரில் அதற்கென உள்ள வளையத்தில் மாட்டுங்கள். அது திருப்பத்தில் இழுபடவும் கூடாது, நிலத்தில் உரசவும் கூடாது. ஆட்டத்தைத் தணிக்கும் உராய்வுப் பட்டை உள்ள கொக்கி என்றால் உருண்டையில் கிரீஸ் கூடாது. கிரீஸ் பட்டால் பட்டை வழுக்கும், காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு வீண். சாதாரணக் கொக்கிக்கோ கிரீஸ் வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள் ஏராளம்.

வேக எல்லை மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல், நடுவே பிரிப்பு இல்லாத சாலையில் 50. மோட்டார்வேயில் மூன்றோ அதற்கு மேலோ தடங்கள் இருந்தால் வலதுகோடித் தடம் உங்களுக்கில்லை. கரவன் காரைவிட அகலமென்றால் காரின் பக்கக் கண்ணாடிகளில் பூட்டும் நீட்டுக் கண்ணாடிகள் அவசியம். கரவன் டயரில் பட்டி தேய்வதற்கு முன்பே வயது போய்விடும். பக்கச் சுவரில் 2319 என்றிருந்தால் அது 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. சக்கரம் கழற்றிப் பூட்டியிருந்தால், 30 மைல் ஓடியதும் முதலில் வரும் சாலையோர சேர்விஸ் நிலையத்தில் நிறுத்தி, டோர்க் ரெஞ்சால் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஒரு வாசகர்,
ஹரோ, லண்டன்