வேலையைக் காட்டாத சினிமா

ஆசிரியருக்கு,

நம் படங்கள் பலவற்றில் தொழிலாளி ஒன்றில் குடித்துவிட்டு ஆடுகிறான், இல்லாவிட்டால் முதலாளியின் மகளைக் காதலிக்கிறான். அவன் வேலை செய்வதைத்தான் காட்ட மாட்டார்கள். மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் மீனவர்களைப் போய்ப் பாருங்கள், கயிற்றை இடுப்பில் கொடுத்து, மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னுக்கு நடந்து நடந்து இழுக்கிறார்கள், கடைசியில் வலையின் மடியில் மீன் குறைவு என்றால் பங்கும் குறைவுதான். இதில் கதை இல்லையா? 2010இல் வந்த 'அங்காடித் தெரு', துணிக்கடைப் பிள்ளைகள் நாள் முழுக்க நிற்பதையே கதையாக்கியதே! மட்டக்களப்பில் குறும்படம் எடுக்கிற தம்பி தங்கைமாரே, கெமராவை அந்தக் கயிற்றுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். பாட்டு, சண்டையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

வாசகர் ஒருவர்,
கல்லடி