பிப்ரவரி 28: நம் பள்ளியில் ஊர் அறிவியல் திருவிழா

09.02.2026

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகளை வளர்த்துவரும் அப்பத்தா, அம்மாச்சி, ஐயாமார்களுக்கும் வணக்கம்.

வருகிற பிப்ரவரி 28, சனிக்கிழமை பிற்பகல் 2 மணி முதல் இரவு 8.30 மணி வரை நம் பள்ளியில் ஊர் அறிவியல் திருவிழா நடத்தவிருக்கிறோம். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலோடு திரும்பிவிடாதீர்கள். அங்கன்வாடிக் குழந்தை முதல் எண்பது வயது ஐயா வரை எல்லோருக்கும் உள்ளே வேலை இருக்கிறது. என்ன வேலை என்று விளக்கத்தான் இந்த முறை நாலு வரிச் சுற்றறிக்கையோடு நிறுத்தாமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அப்பா வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் இதைப் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

போன வருடம் நடந்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். வகுப்பறையில் சின்னதாக ஒரு கண்காட்சி வைத்திருந்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தெர்மாகோலில் செய்த எரிமலையை மேசையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழகான எரிமலை. வினிகரை ஊற்றியதும் சிவப்பாக நுரை பொங்கி வழிந்தது. பார்க்க வந்திருந்த ஒரு அப்பத்தா, "ஏன் ஆத்தா நுரைக்குது?" என்று கேட்டார். பிள்ளை மனப்பாடம் செய்திருந்த இரண்டு வரியைச் சொன்னாள். அப்பத்தா மறுபடியும், "அது சரி ஆத்தா, ஏன் நுரைக்குது?" என்றார். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. எரிமலை கடையில் வாங்கியது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மாதிரி கொண்டுவா என்று சொல்லி அனுப்பிய நாங்கள், கேள்வி கொண்டுவா என்று சொல்லவில்லை.

அந்த அப்பத்தா விடவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. அறுபது வருசமா ஆலம் கரைக்கிறேன். மஞ்சள் மஞ்சளா இருக்கு, சுண்ணாம்பு வெள்ளையா இருக்கு. ரெண்டும் சேந்தா ஏன் ரத்தமாட்டம் செவக்குது? இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை" என்றார். சத்துணவுக் கூடத்திலிருந்து மஞ்சள்தூள் வந்தது. சுண்ணாம்பு அப்பத்தாவின் சுருக்குப் பையிலேயே இருந்தது. தட்டில் கரைத்தார்கள், சிவந்தது. அறிவியல் ஆசிரியை ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி அதில் பிழிந்தார். சிவப்பு போய் மறுபடியும் மஞ்சள் திரும்பியது. அப்பத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் காரத்தைக் கண்டால் சிவக்கும், புளிப்பைக் கண்டால் மஞ்சளாகும் என்பதை அன்றைக்கு அந்தப் பிள்ளை பத்துப் பேருக்காவது விளக்கியிருப்பாள். எரிமலைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

இந்த வருடத் திருவிழா அந்தத் தட்டிலிருந்து பிறந்ததுதான்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. இராமன், தன் பெயரால் அழைக்கப்படும் ஒளிச்சிதறல் விளைவை 1928-இல் கண்டறிந்த நாள் அது. 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1987 முதல் நாடு முழுவதும் இந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். அவரைப் பற்றி நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது 1921-ஆம் வருடத்துக் கப்பல் பயணத்தைத்தான். இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். வானத்தின் நிறம் தண்ணீரில் தெரிகிறது, அவ்வளவுதான் என்பது அன்றைக்குப் பெரிய மேதைகளே சொல்லிவைத்திருந்த பதில். அவருக்கு அது போதவில்லை. கையில் வைத்திருந்த சின்னப் பட்டகத்தால் வானத்தின் பிரதிபலிப்பைத் தடுத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகத்தான் இருந்தது. நம் ஊர்களிலிருந்தும் அந்தக் காலத்தில் எத்தனை பேர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள்! அவர்களில் எத்தனை பேருக்கு இதே கேள்வி வந்து, கேட்க ஆள் இல்லாமல் கடலோடு போயிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

எனக்கே அப்படி ஒரு கேள்வி உண்டு. எட்டாம் வகுப்புப் படித்தபோது, குளிர்ந்த தண்ணீர் வைத்த பித்தளைச் சொம்புக்கு வெளியே ஏன் வேர்க்கிறது, சொம்பில் ஓட்டை இல்லையே என்று கேட்டேன். "பாடத்தில் இருக்கிறதைக் கேள், உட்காரு" என்றார்கள். உட்கார்ந்தேன். காற்றில் இருக்கிற ஈரம்தான் குளிர்ந்த சொம்பில் பட்டு நீராகிறது என்று தெரிந்துகொள்ள ஆசிரியர் பயிற்சிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் அப்படி உட்காரவைக்கக் கூடாது என்பது எனக்கு ஒரு வைராக்கியம்.

இனி திருவிழாவுக்கு வருகிறேன்.

வேப்பமரத்தடி முழுக்கத் தண்ணீருக்கு. ஊரணித் தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் எடுத்துவைப்போம். இரண்டும் ஒரே மாதிரி கலங்கித் தெரியும். ஒன்றில் மட்டும் தேத்தாங்கொட்டையை உரைத்துக் கலக்கிவிட்டு, பிள்ளைகளைக் கடிகாரத்தோடு உட்காரவைப்போம். மண் துகள்கள் ஒரே மாதிரி மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பதால்தான் கலங்கல் அடங்காமல் இருக்கிறது. கொட்டையிலிருந்து வரும் பொருள் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். ஒட்டியது கனத்து அடியில் படியும். குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் பானையின் உள்பக்கத்தில் இந்தக் கொட்டையைத் தேய்த்த கைகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் வந்து தேய்த்துக் காட்ட வேண்டும், எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்று. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. தேத்தாங்கொட்டை கலங்கலைத்தான் எடுக்கும், கிருமிக்கு அதை நம்ப முடியாது. கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். இதையும் பிள்ளைகள் அங்கேயே எழுதி வைப்பார்கள்.

அதே இடத்தில் வளவு வீட்டு (நடுவில் முற்றம் வைத்த நம் பக்கத்துப் பழைய வீடு) மாதிரி ஒன்றும் இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செம்மண்ணில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் முற்றத்தில் விழும் மழை கிடாரம் என்கிற பெரிய அண்டாவில் எப்படிச் சேர்ந்தது, மீதி எப்படித் தெரு வழியே ஊரணிக்குப் போனது என்று பூவாளியால் ஊற்றிப் பார்ப்பார்கள். ஆறு ஓடாத பூமி நம்முடையது. மழையை விட்டால் வேறு கதி இல்லை என்று தெரிந்தவர்கள் கட்டிய வீடுகள் அவை.

கட்டட வேலை மூலையைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே ஆசையாக இருக்கிறது. நம் மாணவர் ஒருவரின் தந்தை ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிறவர். பட்டறைச் சாமான்களோடு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். கீழே கண்ணாடி, அதன்மேல் பூ வடிவ அச்சு. அச்சின் அறைகளுக்குள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவார். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. அப்படியானால் அந்தக் கல் எப்படி இறுகுகிறது? சிமெண்டு 'காய்கிறது' என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது தண்ணீரோடு சேர்ந்து வேதிமாற்றம் அடைந்துதான் இறுகுகிறது. அதனால்தான் கொத்தனார் புதுக் கட்டடத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்.

பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரின் கதை வேறு. சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகும். சூளையில் எதை இழந்ததோ அதையே திரும்ப வாங்கிக்கொள்கிறது. முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி எல்லாம் எந்தப் பூச்சில், என்ன அளவில் சேர்ந்தன என்று வயதான கொத்தனார் ஐயாக்கள் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அத்தனை கணக்கையும் எழுதிக்கொள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டோடு காத்திருப்பார்கள். இந்த விழாவில் இது ஒன்று மட்டும் நடந்தாலே எனக்குப் போதும். அந்தக் கணக்குகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஐயாக்களோடு போய்விடும்.

சமையல் பக்கத்தில் ஆலத் தட்டு கட்டாயம் உண்டு. கவுனி அரிசி ஊறிய தண்ணீரும் இருக்கும். ஊதா நிறத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும், சமையல் சோடா போட்டால் நீலமும் பச்சையுமாகத் திரும்பும். சின்னக் குழந்தைகளுக்குக் காந்தத்தைக் கொடுத்து மணலில் ஓட்டச் சொல்வோம். அதில் ஒட்டிக்கொண்டு வரும் கருப்புத் துகளை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மின்கட்டண அட்டையைக் கொண்டுவந்தால் ஒரு யூனிட் என்பது என்ன, உங்கள் வீட்டில் எது அதிகம் இழுக்கிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டுத் தருவார்கள்.

துருவுக்குத் தனி மேசை. சாதாத் தண்ணீர், உப்புத் தண்ணீர், எண்ணெய் என்று மூன்று பாட்டில்களில் ஆணிகளைப் பிள்ளைகள் இந்த வாரமே போட்டுவைத்துவிட்டார்கள். 28-ஆம் தேதி எதில் எவ்வளவு துரு என்று பார்ப்போம். சிக்ரியில் (காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா அந்த மேசையில் உட்கார்ந்திருப்பார். நமக்குப் பக்கத்திலேயே மின்வேதியியலுக்கென்று ஒரு தேசிய ஆய்வகம் இருப்பது நம் பிள்ளைகள் பலருக்கு ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டும் தெரிகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். துருப்பிடிப்பதை எப்படித் தடுப்பது என்பதும் அங்கே நடக்கிற ஆராய்ச்சிகளில் ஒன்று. நம் பிள்ளைகளில் ஒருவர் ஒருநாள் அந்த வாசலுக்குள் வேலைக்குப் போக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

மாலை ஆறரைக்குமேல் மைதானத்தில் தொலைநோக்கி. அன்று வளர்பிறை, பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு. உச்சிவானத்தை ஒட்டிப் பளிச்சென்று வியாழன், அதற்குக் கிழக்கே நிலா. 1610-இல் கலிலியோ பார்த்த வியாழனின் நான்கு நிலாக்களை நம் ஊர் மைதானத்தில் நின்று நீங்களும் பார்க்கலாம். பள்ளியை ஒட்டிய வீடுகள் அந்த நேரம் வாசல் விளக்கை அணைத்து உதவ வேண்டும். ஊராட்சியிடம் தெருவிளக்குக்குப் பேசியிருக்கிறோம்.

சில வேண்டுகோள்கள். கடையில் மாதிரி வாங்கித் தராதீர்கள், ஒரு ரூபாய்கூடச் செலவு வேண்டாம். பிள்ளைக்காக நீங்கள் உட்கார்ந்து செய்தும் கொடுக்காதீர்கள். கோணல் மாணலாக இருந்தாலும் அவர்கள் கையால் செய்ததே வரட்டும். அமிலம், பட்டாசு மருந்து, திறந்த நெருப்பு எதற்கும் அனுமதி இல்லை. பரிசு கொடுக்கப்போவதில்லை. போன முறை பரிசு அறிவித்ததால்தான் எரிமலை கடையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். மேடையும் ஒலிபெருக்கியும் கிடையாது. பக்கத்து வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கேள்வி வேண்டும். பல வருடமாக மனதில் இருக்கிற கேள்வி, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. பணியாரக் குழியில் மாவு ஏன் உப்புகிறது, கண்மாய்த் தண்ணீர் ஏன் சில மாதங்களில் பச்சையாகிறது, எதுவானாலும். கீழே உள்ள சீட்டில் எழுதி 16-ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். உங்களுக்குத் தெரிந்த கைவேலையைச் செய்துகாட்ட முடியுமானால் அதையும் குறிப்பிடுங்கள். ஓலைக் கொட்டான் முடைகிறவர்கள், தறி நெய்கிறவர்கள், மோட்டார் சுற்றுகிறவர்கள் யாரானாலும் மேசை போட்டுத் தருகிறோம். கேள்விகளை எல்லாம் வகுப்பில் பிரித்துக்கொடுத்துவிடுவோம். விடை கிடைத்ததை அன்று சொல்வோம். கிடைக்காததைப் பலகையில் அப்படியே எழுதி வைப்போம்.

விழா முடிந்த மூன்றாம் நாள், மார்ச் 3 செவ்வாய்க்கிழமை சந்திர கிரகணம். நம் ஊரில் சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டி நிலா கிழக்கே உதிக்கும்போதே ஒரு பக்கம் மறைந்திருக்கும். மாலை 6.47-க்கு பூமியின் நிழல் விலகிவிடும். நிலாவில் படும் நிழல் அது, வெறும் கண்ணால் பார்க்கலாம், கண்ணுக்கு ஒரு கெடுதலும் வராது. வீட்டு வழக்கப்படி கதவைச் சாத்துகிறவர்கள் பிள்ளைகளை மட்டுமாவது மொட்டைமாடிக்கு அனுப்பிவையுங்கள். கிழக்கு அடிவானம் மறைக்காத இடமாகப் பார்த்து, 6 மணிக்கே ஏறிவிட வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி

— — — (இங்கே கிழித்து அனுப்பவும்) — — —

மாணவர் பெயர், வகுப்பு:
எங்கள் வீட்டுக் கேள்வி:
கேட்டவர் (அம்மா / அப்பா / அப்பத்தா / அம்மாச்சி / ஐயா / மற்றவர்):
நாங்கள் செய்துகாட்டக்கூடியது:
28-ஆம் தேதி வருகிறவர்கள் எத்தனை பேர்: