கண்ணகியின் தீயும் பெய்யெனப் பெய்யும் மழையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழந்தமிழ் இலக்கியத்தில் பெண்ணும் இயற்கையும் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, பெண்ணின் சீற்றமும் இயற்கையின் சீற்றமும் ஒன்றே என்று முடித்துவிட்டது. தேர்வுத்தாளில் பிள்ளைகளும் இதைத்தான் எழுதிவைக்கிறார்கள். மேடையில் கைதட்டல் வாங்கும். பாட்டை வைத்துப் பார்த்தால் நிற்காது.

கண்ணகியையே எடுத்துக்கொள்வோம். தீ வருவது சிலப்பதிகாரத்தின் 21ஆம் காதையில். முந்தைய காதையில் அவள் கையில் இருப்பது சான்று மட்டும்தான். என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து. உடைத்துக் காட்டுகிறாள், மன்னன் சாய்கிறான். வழக்கில் வென்ற பிறகுதான் தீ. அதுவும் தானாகச் சீறிய தீ இல்லை. எரிக்கடவுள் நேரில் வந்து, உனக்குத் தீங்கு நேரும் நாளில் இந்நகரை எரிக்க முன்பே எனக்கு ஏவல் உண்டு, யார் பிழைக்க வேண்டும் என்று கேட்கிறான். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி இவர்களை விட்டுத் தீயவர் பக்கம் சேர் என்கிறாள். கட்டுக்கடங்காத இயற்கைக்கு விலக்குப் பட்டியல் எதற்கு? அந்தப் பட்டியலில் பெண்கள் எல்லோரும் இல்லை, பத்தினிகள் மட்டும். பெண்ணுக்குக் கொடுத்த ஆற்றலும் போட்ட வேலியும் ஒரே இடத்தில் கிடக்கின்றன. கைடுகள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளும்.

குறளிலும் இதே கோளாறு. 55ஆம் குறளின் மழை மனைவி சொன்னால் பெய்யும். 18ஆம் குறளிலோ வானம் வறண்டால் தேவர்களுக்கே பூசை நடக்காது. முன்னது வாழ்க்கைத் துணைநலம், பின்னது வான்சிறப்பு. முன்னதைத் தனியே உருவி வள்ளுவரின் மழைக் கொள்கை என்று காட்டக் கூடாது.

காதலைப் பாடும் அகப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது கூற்று, அதாவது யார் பேசுகிறார் என்பது. குறுந்தொகை 66இல், பருவமல்லாத மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்டதாம் கொன்றை, மரத்துக்கு அறிவில்லையாம். கூற்றைப் பார்க்காதவர் 'இயற்கையின் பிழை' என்று எழுதுவார். பேசுவது தோழி. கார் வந்தும் தலைவன் வரவில்லை. தலைவி உடைந்துவிடக் கூடாதே என்று மரத்தின் மேல் பழியைப் போடுகிறாள். கண்முன் நிற்கும் பருவத்தையே ஒருத்தி இன்னொருத்திக்காக மறுக்கிறாள், பாட்டின் அழகே அதுதான்.

பழைய வட ஆர்க்காட்டு மண்ணின் பாட்டான மலைபடுகடாம் நம் மாவட்டத்து மேடைகளில் அதிகம் வருவதில்லை. 583 அடி, செங்கத்துக் குறுநில மன்னன் நன்னனிடம் போகும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறது. அங்கே மலை தாயும் அல்ல, தெய்வமகளும் அல்ல. காலை வாரிவிடும் இடம். பாசி வழுக்கும், பக்கத்து மூங்கில் தண்டையும் நாணல் போன்ற கொறுக்கந் தட்டையையும் பிடித்துக்கொண்டு நடங்கள். யானையை விரட்டக் குறவர் பரணிலிருந்து கவண் கல் எறிவார்கள், மேலே படாமல் போங்கள். பாம்பு ஒடுங்கும் குழி இருக்கும். மரத்தில் ஏறிக் கைதட்டிப் பாருங்கள், கூட்டத்தில் ஆடிப் பாடும் பெண்களான விறலியர் கைகூப்பி வாழ்த்தட்டும், பிறகு வலப்பக்கமாகக் கடந்துபோங்கள். பார்ப்பது ஒரு வேலை, வணங்குவது இன்னொரு வேலை. வணக்கம் பெண்களின் பங்கு. அதே விறலியரின் அடியை, கல்லில் தேய்ந்து, வலியிழந்த நாயின் நாவைப் போல் ஆனது என்கிறார் புலவர். இயற்கையின் வலிமையைப் பெண்ணின் உடம்பு தாங்கும் இடம் இது. 'இயற்கையே பெண்' என்று எழுதினால் அந்தப் பாதம் கண்ணில் படாது.

ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் பாட்டு வெளியிடும்போது கூற்றையும், பாட்டின் சூழலைச் சொல்லும் துறையையும் விடாமல் சேர்த்து அச்சிடுங்கள். காவியம் என்றால் காதையின் பெயரும், முந்தைய காதையில் நடந்தது என்ன என்ற குறிப்பும். இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

தமிழாசிரியர் ஒருவர்,
காட்பாடி, வேலூர்.