செயலாளரின் ஆண்டறிக்கை: ஜீன் க்ரூப்பாவைக் கேட்ட ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நிர்வாக விஷயங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மாதம் ஒரு கூட்டம் என்று வைத்திருந்தோம், ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே அவரிடம் கொடுத்துவிட்டால் நல்லது. சரி, மிச்ச நேரம் முழுவதையும், ஜாஸ் ட்ரம்மர் ஜீன் க்ரூப்பாவின் வாசிப்பைப் பதிவில் கேட்ட ஜனவரி 16ஆம் தேதி கூட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஆண்டு நாம் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1938இல் அதே ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை இரவு, நியூயார்க் கார்னகி ஹாலில் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் பிக் பேண்ட், அதாவது பெரிய ஜாஸ் குழு, வாசித்தது. மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கென்றே பெயர்பெற்ற அந்த மேடையில் ஸ்விங் எனப்படும் ஆட்டத்துக்கான ஜாஸை வாசிக்கிற ஓர் இசைக்குழு முழுக் கச்சேரி செய்வது அன்றைக்குப் பெரிய செய்தி. டிக்கெட் எல்லாம் விற்றுப்போய்விட்டது. ட்ரம்ஸில் ஜீன் க்ரூப்பா, சிகாகோக்காரர், அதற்கு முந்தின நாள்தான் 29 வயது நிறைந்திருந்தது. மேடைக்கு மேலே தொங்கவிட்ட ஒரு மைக்கில் பிடித்த ஒலியை கம்பி வழியே வேறிடத்துக்கு அனுப்பி அசிட்டேட் தட்டுகளில் பதிவு செய்தார்கள். குட்மனுக்குக் கிடைத்த பிரதி அலமாரியில் கிடந்து, 1950இல்தான் கண்ணில் பட்டு, கொலம்பியா நிறுவனம் அதை எல்.பி. இசைத்தட்டாக வெளியிட்டது. நாம் கேட்டது அந்தப் பதிவைத்தான். அன்று நம் இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று வேலை செய்யவில்லை, நினைவிருக்கும். பதிவே மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிந்த ஒலி, என்பதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

முதல் பாட்டு 'டோன்ட் பி தட் வே'. ஆரம்பத்தில் குழு கொஞ்சம் பயந்து பயந்து வாசிக்கிறது, அது காதுக்கே தெரிகிறது. இடம் புதிது, சபை புதிது, ஆடுவதற்கு எழுந்திருக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கூட்டம். பாட்டின் கடைசிப் பகுதியில் குழு முழுவதும் ஓசையைக் குறைத்துக்கொண்டே போகிறது, இதோ நின்றுவிடும் போல இருக்கிறது, அந்த நேரத்தில் க்ரூப்பா தனியாக ஒரு சின்ன வெடிப்பு வெடிக்கிறார், சில நொடிகள்தான், உடனே கூட்டம் ஆரவாரம் செய்கிறது. அதற்குப் பிறகு குழு வேறு குழுவாகிவிடுகிறது. நான் இந்த இடத்தை இருபது தடவையாவது கேட்டிருப்பேன். திறமையைக் காட்ட அடித்த அடியாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கூட இருக்கிறவர்களுக்குத் தைரியம் சொல்கிற மாதிரிதான் கேட்கிறது.

ஸ்டூடியோப் பதிவுக்கும் நேரடி நிகழ்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் புரியவேண்டும் என்றுதான் 'சிங், சிங், சிங்' பாட்டை இரண்டு தடவை போட்டோம். லூயி ப்ரிமா எழுதிய பாட்டு அது. குட்மன் குழு 1937 ஜூலையில் ஸ்டூடியோவில் பதிவு செய்தபோதே எட்டு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது, 12 அங்குலத் தட்டின் இரண்டு பக்கமும் அதற்கே சரியாக இருந்தது. கார்னகி ஹாலில் பன்னிரண்டு நிமிடம். டாம்-டாம் ட்ரம்மில் அந்த ஆழமான அடி தொடங்கும்போதே சபையில் ஒரு சலசலப்பு. காலால் அடிக்கிற பாஸ் ட்ரம் நாலு எண்ணிக்கையையும் விடாமல் தாங்க, அதன் மேல் டாம்-டாம் உருண்டுகொண்டே இருக்கிறது. பேப் ரஸினின் டெனர் சாக்ஸபோன், ஹாரி ஜேம்ஸின் ட்ரம்பெட், குட்மனின் கிளாரினெட் என்று ஒவ்வொருவராக வந்து போகிறார்கள். இடையிடையே க்ரூப்பா மட்டும் தனியே நிற்கிறார், அப்போதும் ஆட்டத்துக்கான துடிப்பு ஓரிடத்திலும் அறுவதில்லை.

அப்புறம்தான் அந்த இடம் வருகிறது. முடிவை நெருங்கும் நேரத்தில் குட்மன் பியானோக்காரர் ஜெஸ் ஸ்டேசியை வாசிக்கச் சொல்லிவிடுகிறார். ஏற்பாட்டில் இல்லாத விஷயம் அது, ஸ்டூடியோப் பதிவிலும் கிடையாது. ஸ்டேசி வாசிப்பது ஏறக்குறைய இரண்டு நிமிடம், அவ்வளவு அடக்கமாக, ஏதோ யோசித்துக்கொண்டே தனியாக நடக்கிற மாதிரி. இப்போது ட்ரம்ஸைக் கேளுங்கள். பத்து நிமிடமாக ஹாலையே அதிரவைத்த மனிதர் ஓசையைத் தரைவரைக்கும் இறக்கிவிடுகிறார். துடிப்பு இருக்கிறது, அடி காதில் உறைப்பதில்லை. பியானோவின் ஒரு சுரத்தைக்கூட அவர் மறைக்கவில்லை.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர், ட்ரம்ஸ் என்றால் இரைச்சல் என்று இத்தனை ஆண்டாகச் சொல்லிவந்தவர், அன்று பாட்டு முடிந்ததும் எழுந்து, "தம்பி, அந்த பியானோ இடத்தை மறுபடி போடுங்க, பின்னால அவர் என்ன பண்றார்னு மட்டும் கேக்கணும்" என்றார். மூன்று தடவை போட்டோம். ஒருவரும் பேசவில்லை. பிக் பேண்ட் ட்ரம்மரை எப்படிக் கேட்கவேண்டும் என்று நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன், அவருடைய அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அதைப் படிக்கவேண்டிய தேவையே வரவில்லை.

எல்லோருக்கும் க்ரூப்பாவைப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். தலைமுடி நெற்றியில் விழ, வாயில் சூயிங்கம்மை மென்றுகொண்டு அவர் வாசிக்கிற பழைய படத்துண்டுகளைப் பார்த்துவிட்டு, இது வேடிக்கை காட்டுவது என்று இரண்டு பேர் சொன்னார்கள். 1938லேயே நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஓலின் டவுன்ஸுக்கும் அந்தக் கச்சேரி பிடிக்கவில்லை. என் கருத்து வேறு. படத்தை நிறுத்திவிட்டுக் காதால் மட்டும் கேட்டால் வேடிக்கை போய்விடும், வாசிப்பு நிற்கும்.

ஆனால் அன்று எழுந்த இன்னொரு வாதத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். க்ரூப்பாவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அதே காலத்து ட்ரம்மரும் குழுத் தலைவருமான சிக் வெப்பைப் பேசாமல் விட்டால் நியாயமா என்று ஒரு உறுப்பினர் கேட்டார், கொஞ்சம் கோபமாகவே கேட்டார். நியாயம் இல்லைதான். 1937 மே 11 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சவாய் பால்ரூம் நடனக்கூடத்தில் குட்மன் குழுவும் வெப்பின் குழுவும் போட்டி போட்டு வாசித்தன. உள்ளே சுமார் நாலாயிரம் பேர், இடமில்லாமல் வெளியே அதைவிட அதிகம். வெப் ஜெயித்தார். க்ரூப்பா எழுந்து அவருக்குத் தலைவணங்கினார், தான் தோற்றதைப் பிற்பாடு எங்கும் மறைக்கவும் இல்லை. வெப் சிறுவயதில் முதுகெலும்புக் காசநோயால் பாதிக்கப்பட்டு, வளர்ச்சி குன்றி, வாழ்நாள் முழுவதும் வலியோடு இருந்தவர். அந்த உடம்போடு அவ்வளவு பெரிய பாஸ் ட்ரம்மின் பின்னால் உட்கார்ந்து ஒரு குழுவையே ஓட்டியவர். 1939 ஜூனில் போய்விட்டார்.

இதில் இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கார்னகி ஹாலில் முதலில் வாசித்த அந்த 'டோன்ட் பி தட் வே' எட்கர் சாம்ப்சன் எழுதியது. அவர் வெப்பின் குழுவில் இருந்தவர், வெப் 1934லேயே அதை இசைத்தட்டாக வெளியிட்டுவிட்டார். ஆக, க்ரூப்பா அன்றிரவு கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்ததே வெப் குழு வாசித்துவந்த பாட்டை வைத்துத்தான். கார்னகி கச்சேரி முடிந்த அதே இரவு சவாயில் வெப்பின் குழுவும் கவுண்ட் பேஸியின் குழுவும் போட்டியில் மோதின, குட்மன் குழுவினர் பலர் நேரே அங்கே போய்விட்டார்கள்.

அதனால் ஒரு தீர்மானம். அடுத்த ஆண்டு ஜனவரி கூட்டத்தை முழுக்க சிக் வெப்புக்கு ஒதுக்கவேண்டும். வெப்பின் 1934 தட்டையும் கார்னகி பதிவையும் அடுத்தடுத்துப் போடவேண்டும், இந்தத் தடவை இரண்டு ஸ்பீக்கரையும் முந்தின நாளே சரிபார்த்துவிடுவது என் பொறுப்பு. முன்மொழிகிறேன். அன்று கோபமாகக் கேட்ட உறுப்பினர் வழிமொழிந்தால் எனக்குச் சந்தோஷம்.

இப்படிக்கு,
செயலாளர்